எல்லைப்புறத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

இந்திய வினையூக்கவியல் சங்கத்தின் தென்னாட்டு உறுப்பினர்களுக்கும், அத்துறையில் ஆராய்ச்சி மாணவர்களாகப் புகுந்திருக்கும் இளைஞர்களுக்கும்:

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், ஒரே சந்தையில் ஒரே தராசின் முன் நின்றுகொண்டு ஒருவர் தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும் விலை பேசி, இருவரும் மனநிறைவோடு வீடு திரும்பும் சித்தூர் தாலுகாவில், நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரசாயனம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். என் உறவினர்களில் ஒரு பகுதியினர் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் தென்னை வைத்துப் பிழைப்பவர்கள். மற்றொரு பகுதியினர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறைகளாக, லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழ்பவர்கள். ஆகவே பாலக்காடு, இடுக்கி என்னும் இரண்டு ஜில்லாக்களின் தமிழ் எல்லையையும் என் சொந்த ஊராகவே கருதி இம்மடலை எழுதுகிறேன். என் விண்ணப்பம் சுருக்கமானது: உங்கள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் கூட்டங்களில் ஒன்றையேனும் எங்கள் எல்லைப்புறத்தில், ஓராண்டு பாலக்காட்டிலும் மறு ஆண்டு மூணாற்றிலுமாக நடத்த வேண்டும், அதில் ஓர் உபந்நியாசமாவது தமிழிலே நிகழ வேண்டும், எல்லைப்புறப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அனுப்பும் பொருள்களைச் சோதித்துப் பார்க்க உங்கள் கருவிகளில் சில மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். இதை ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் எனக்குச் சற்று இடம் வேண்டியிருக்கிறது.

இம்மடலை உங்களையன்றிப் பிறரும் படிப்பார்களாகையால், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை அவர்கள் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். ஓர் இரசாயன மாறுதல் நிகழும்போது உடனிருந்து, அதன் வேகத்தைப் பன்மடங்கு கூட்டி, தான் மட்டும் செலவழியாமல் மீண்டும் பழைய உருவத்தையே அடையும் பொருளை வினையூக்கி என்கிறோம். 1835-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து பெர்சீலியஸ், தனித்தனியே கிடந்த பல பரிசோதனை முடிவுகளைத் திரட்டி, இவை யாவற்றிலும் ஒரே சக்தி செயற்படுகிறது என்று அறிவித்த நாள் முதல் இத்துறை வளர்ந்து வந்திருக்கிறது. இன்று நாம் உண்ணும் தானியத்துக்குப் போடும் உரம், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல், நோய்க்கு உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றில் மிகப் பெரும்பகுதி ஏதேனும் ஒரு படியில் வினையூக்கியைத் தொட்டு வந்ததே.

உங்கள் சங்கத்தின் வரலாறு தென்னாட்டோடு பிணைந்தது என்பதை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்துறையில் உழைத்துப் பெயர் பெற்ற பேராசிரியர் எம். வி. சி. சாஸ்திரி, 1959-இல் தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து இரசாயனத் துறையைக் கட்டி எழுப்பியதும், அவரைச் சுற்றித் திரண்ட ஆராய்ச்சிக் குழுவில் கேரளத்தவரான பேராசிரியர் ஜே. சி. குரியாக்கோஸ் போன்றோர் தலைசிறந்து விளங்கியதும், எழுபதுகளில் அகில இந்திய ரீதியில் இச்சங்கம் உருவெடுத்ததும், 2006-இல் பேராசிரியர் பா. விசுவநாதனின் முயற்சியால் அதே வளாகத்தில் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டதும் ஒரே கொடியில் அடுத்தடுத்துப் பூத்த பூக்கள். தமிழ்நாட்டில் பிறந்து சென்னையில் கற்ற பால் ரத்தினசாமி, புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் தம் சகாக்களோடு சேர்ந்து சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமங்களிலிருந்து உருவாக்கிய வினையூக்கிகள், எண்பதுகளில் நம் நாட்டுப் பெட்ரோ இரசாயன ஆலைகளிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, அயல்நாட்டாரிடம் விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்றிருந்த ஒரு சூட்சுமம் நம் கைக்கு வந்தது. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தேன். தேசியக் கருத்தரங்குகளும், ஆராய்ச்சி மாணவர்களுக்காக நீங்கள் நடத்தும் பயிற்சி முகாம்களும், உங்கள் சஞ்சிகையும் பெரும் பணிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை யாவும் ஏற்கெனவே சர்வகலாசாலையின் வாசலைத் தாண்டியவர்களுக்கே எட்டுகின்றன. வாசலுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியே நான் பேசுகிறேன்.

பெரிய மகாநாடுகள் சிறிய ஊர்க்கூட்டங்களிலிருந்து பிறந்ததற்கு உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சில ஆராய்ச்சியாளர்கள் 1949-இல் ஒரு வினையூக்கிக் கழகத்தைத் தோற்றுவித்தார்கள். அந்த வட்டாரத்தில், மார்க்கஸ் ஹுக் என்னும் ஊரில், 1937-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான ஊட்ரி என்பவர் வினையூக்கியைக் கொண்டு கனத்த எண்ணெயைப் பிளந்து பெட்ரோல் எடுக்கும் பெரிய ஆலையை ஓடவிட்டிருந்தார். எண்ணெய் ஆலைகளில் கைமுழுக்கக் கரி படிந்து நின்ற இரசாயனிகளும், கல்லூரிப் பேராசிரியர்களும், அவர்களுடைய மாணவர்களும் மாலை வேளையில் கூடி, உடன் உண்டு, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, பிறகு மனம்விட்டு விவாதித்துக் கலைவதே அக்கழகத்தின் வழக்கம். இப்படி ஒரு வட்டாரத்து மனிதர்கள் கூடிய கழகந்தான் 1956-இல் உலகின் முதலாவது சர்வதேச வினையூக்கி மகாநாட்டைத் தன் ஊரில் கூட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்றளவும் நடந்துவரும் உலக மகாநாடுகளுக்கு அதுவே தலைமகன். வட்டாரத்தில் இருந்த தொழிலும் வட்டாரத்தில் இருந்த படிப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்ததே அக்கழகத்தின் பலம் என்பது என் துணிபு.

எங்கள் வட்டாரத்தில் அப்படி என்ன தொழில் இருக்கிறது என்று உங்களில் எவரேனும் கேட்கலாம். கேட்பவரை முதலில் பள்ளிவாசல் என்னும் ஊருக்கு அழைத்துச் செல்வேன். மூணாற்றுக்குக் கீழே, முதிரப்புழை ஆற்றின் நீரை மலைச்சரிவில் குழாய்வழியே இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டம் 1940 மார்ச்சு மாதத்தில் அங்கே இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் அதுவே. அந்த மின்சாரம் மலையிறங்கி ஆலுவாய்ப் பக்கம் சென்றதால் பெரியாற்றங்கரையில் ஆலைகள் எழுந்தன. அவற்றுள் தலையாயது, திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயரின் ஊக்கத்தாலும் திருச்சிராப்பள்ளி சேஷசாயி சகோதரர்களின் தொழில்திறத்தாலும் 1943-இல் பதிவாகி, 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிய திருவிதாங்கூர் உர இரசாயனத் தொழிற்சாலை.

அத்தொழிற்சாலையின் தொடக்ககால வேலைமுறையை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு நிசப்தமாகிவிடும். அக்காலத்தில் பிற தேசங்களில் அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து எடுத்தார்கள். திருவிதாங்கூரிலோ நிலக்கரி இல்லை. காட்டு விறகு இருந்தது. ஆகவே விறகைக் காற்று குறைந்த உலையில் எரித்து வாயுவாக்கி, அவ்வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடை நீராவியோடு சேர்த்து இரும்பு ஆக்சைடு வினையூக்கியின்மேல் செலுத்தி ஹைட்ரஜனாக்கி, அந்த ஹைட்ரஜனைக் காற்றின் நைட்ரஜனோடு சேர்த்து, பெரும் அழுத்தத்தில், நானூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், மற்றோர் இரும்பு வினையூக்கியின்மேல் செலுத்தினால் அமோனியா கிடைக்கிறது. பொட்டாசும் அலுமினாவும் சிறிதளவு கலந்த அவ்விரும்பைக் கண்டுபிடிக்க, ஜெர்மனியில் ஹாபரின் முறையை ஆலையளவுக்கு உயர்த்த முயன்ற காலத்தில், மிட்டாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தார். இறுதியில் சுவீடன் நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு காந்தக்கல், அதில் தற்செயலாகக் கலந்திருந்த அழுக்குகளின் விசேஷத்தால், மற்றெல்லாவற்றையும் வென்றது. ஐரோப்பாவில் பிறந்த அந்த ஞானமும், நம் காட்டு விறகும், மூணாற்று மலைநீர் கொடுத்த மின்சக்தியும் பெரியாற்றங்கரையில் ஒன்றுகூடித்தான் தென்னாட்டு வயல்களுக்கு அம்மோனியம் சல்பேட் மூட்டைகள் வந்து சேர்ந்தன. பின்னாளில் விறகு போய் நாப்தாவும் வேறு மூலப்பொருள்களும் வந்தன. காடு அழியாமல் தப்பியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே ஆற்றங்கரையில் எடயாற்றில் இன்று வினையூக்கிகளையே விளைபொருளாகத் தயாரிக்கும் ஆலையும் இருக்கிறது. எங்கள் மலைக்கும் உங்கள் துறைக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதற்கு இவை போதும்.

இனி, ஆலையைவிடப் பழைய வினையூக்கி ஒன்று மூணாற்று மலைகளில் நாள்தோறும் வேலை செய்கிறது. அதைச் சற்று அருகிலிருந்து பார்க்குமாறு உங்களை அழைக்கிறேன். காலையில் பெண்கள் கிள்ளிய கொழுந்து, மாலையில் தேயிலை ஃபாக்டரிக்கு வந்து, வலையடித்த நீண்ட தொட்டிகளில் விரிக்கப்பட்டு, கீழிருந்து காற்றோட்டம் கொடுக்கப்பட்டு, இரவு முழுவதும் வாடுகிறது. மறுநாள் அது துவண்டு, கையில் பிடித்துக் கசக்கினால் முறியாமல் உருளும் பக்குவத்தில் உருளைகளுக்குள் போகிறது. பல்வெட்டிய உருளைகள் இலையைக் கிழித்து நசுக்கும் அக்கணத்தில்தான் காரியம் தொடங்குகிறது: அதுவரை இலையின் உயிரணுவுக்குள் வெவ்வேறு அறைகளில் பிரிந்திருந்த கேட்டிச்சின் என்னும் பொருள்களும், செம்பு அணுவைத் தன் நடுவில் தாங்கிய பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக் கேட்டிச்சின்களின்மேல் ஏற்ற, பொன்னிறமான தியாஃபிளாவின்களும் செம்பழுப்பான தியாரூபிஜின்களும் பிறந்து, பச்சையாய் வந்த தூள் கண்ணெதிரே செப்புக்காசின் நிறத்துக்கு மாறுகிறது. பச்சை இலை மணம் மெல்ல அடங்கிக் கனிந்த ஆப்பிளின் மணம் எழும்போது, டீமேக்கர் ஒரு பிடி தூளை அள்ளி முகர்ந்து, உள்ளங்கையில் அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனி உலர்த்தியில் போடலாம் என்று சொல்கிறார். சூடான காற்று பட்டவுடன் நொதி தன் சக்தியை இழக்கிறது. நிறமும் சுவையும் அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. சில நிமிஷம் முந்தினால் சாறு காரமாய்ப் பச்சை வாடை வீசும்; பிந்தினால் தட்டையாகிவிடும்.

உங்கள் நூல்களில் வினைவேகம், வெப்பநிலை, வினையூக்கியின் செயலிழப்பு என்று தனித்தனி அத்தியாயங்களில் எழுதப்பட்டவை யாவும் ஒரு டீமேக்கரின் மூக்கிலும் கையிலும் ஒருசேர இருக்கின்றன. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த மணம் குழந்தைப் பருவம் முதல் தெரியும். ஆனால் அது உயர்ந்த விஞ்ஞானம் என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை. ஃபாக்டரிக்கு வெளியே கொழுந்துச் சாக்கு எடைபோடும் இடத்தில் நின்றிருக்கும் தாய், தன் உழைப்பு எந்த இரசாயனத்துக்குள் போய்ச் சேருகிறது என்று அறிய நேர்ந்தால், அந்த அறிவு அவளுடைய பிள்ளையைப் பள்ளியில் இன்னும் இரண்டு வகுப்பு நிறுத்திவைக்கக்கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வால்பாறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகளும், உங்கள் சங்கத்தின் நொதி வினையூக்கி நிபுணர்களும், இரண்டு டீமேக்கர்களும் மூணாற்றில் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரு பிற்பகல் பேசினால், அதுவே பிலடெல்பியாக் கழகத்தின் மாலைக் கூட்டத்துக்கு நிகரானதாகும்.

மூணாற்றிலிருந்து வடகிழக்கே மறையூரை நோக்கி இறங்கினால் மழை குறைந்து, மலைச்சரிவுகளில் தைலப்புல் தழைத்திருக்கும். தமிழோடு நெருங்கிய மொழி பேசும் முதுவர் குடிகள் அதை அறுத்து, காட்டோரத்தில் அடுப்பு மூட்டி, ஆவியில் வடித்துப் புல்தைலம் எடுப்பார்கள். கொச்சித் துறைமுகத்தின் பெயரோடு உலகச் சந்தைக்குப் போன அந்தத் தைலத்தின் எடையில் பெரும்பங்கு சிட்ரால் என்னும் பொருள். சிட்ராலை அசிட்டோனோடு ஒரு காரத்தின் உதவியால் இணைத்து, பிறகு அமிலத்தால் வளையமாக்கினால் அயனோன் கிடைக்கிறது. வாசனைத் திரவியங்களுக்கும் ஜீவசத்து ‘ஏ’ தயாரிப்புக்கும் அதுவே மூலம். திரவக் காரங்களையும் அமிலங்களையும் கொட்டிக் கழிவுநீரைப் பெருக்காமல், மக்னீசியம் அலுமினியம் கலந்தவை போன்ற திட வினையூக்கிகளால் அதே வேலையைச் செய்யலாம் என்று உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளே கூறுகின்றன. புல்லை அறுப்பவருக்குத் தைலத்தின் விலை மட்டுமே கிடைக்க, அதன்மேல் ஏறும் மதிப்பெல்லாம் வெகுதூரத்தில் ஏறுகிறது. ஒரே நாளில் இது மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை; ஆனால் மறையூர்ப் பிள்ளை ஒருவன் அந்த இரசாயனத்தைக் கற்று அதே மலையில் சிறிய ஆலை ஒன்றை வைப்பதற்குத் தடையாக இயற்கை எதையும் வைத்துவிடவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் வாருங்கள். வாளையாற்றைக் கடந்து கேரளத்துக்குள் நுழையும் லாரிகளின் டீசல் தொட்டிக்கு அருகில் நீலமூடி போட்ட சிறிய தொட்டி ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த, வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு அது பெரிய வண்டிகளில் சாதாரணமாகிவிட்டது. நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியா கரைந்த தூயநீர் அதிலிருந்து புகைக்குழாயில் தெளிக்கப்பட, சூட்டில் யூரியா சிதைந்து அமோனியாவாகி, வினையூக்கியின்மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, நஞ்சு நீங்கிய நைட்ரஜனும் நீராவியுமாய் வெளியேறுகிறது. டிரைவர்கள் அதை ‘யூரியா’ என்றே சொல்கிறார்கள். வயலுக்குப் போடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றினால் போதாதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உர யூரியாவில் கலந்துள்ள அழுக்குகள் விலையுயர்ந்த வினையூக்கியை மூடிக் கெடுத்துவிடும் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல ஒருவர் வேண்டும். கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டையும் அதன் அருகிலேயே 2015-இல் தொடங்கிய பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்க, சாலையோரத்தில் நிற்கும் இவர்களோடு ஒரு மணி நேரம் பேசுவதற்கு உங்களுக்கு இடமும் ஆளும் கிடைக்காமற் போகாது. பெட்ரோல் கார்களின் புகையைச் சுத்திசெய்யும் வினையூக்கியில் சேரும் சீரியமும், எண்ணெயைப் பிளக்கும் வினையூக்கியில் சேரும் லாந்தனமும், நம் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருப்பவை. 1952 முதல் ஆலுவாயில் அதைப் பிரித்தெடுத்த ஆலையின் கதையைக்கூட இங்குள்ள பிள்ளைகள் அறியார்.

ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தாலுகாவில் இரசாயனம் என்ற சொல்லுக்கு எல்லா வீடுகளிலும் நல்ல வரவேற்பு இல்லை. பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் ஒரு குளிர்பான ஆலை வந்ததும், கிணற்று நீர் கெட்டதென்று அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் போராடியதும், உரமென்று வயல்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக்கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்ததும், 2004-இல் ஆலை நின்றதும் நாடறிந்தவை. முன்னின்று போராடிய மயிலம்மா இன்று இல்லை. அந்த ஊரைச் சேர்ந்தவர்களுக்கு விஞ்ஞானி என்பவர் பெரும்பாலும் ஒரு புட்டியில் நீரை மொண்டுகொண்டு போய்த் திரும்பி வராதவர். நீரையும் மண்ணையும் சுத்திசெய்யும் வழிகளை ஆராய்வோர் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் சூரிய ஒளி விழச்செய்து நீரிலுள்ள நச்சுப்பொருள்களைச் சிதைப்பது பற்றி எத்தனையோ ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அம்முறையால் எது நீங்கும், ஈயம் போன்ற உலோகங்கள் ஏன் அதனால் அழியமாட்டா, வேறு என்ன வழி உண்டு என்பதை அம்மக்களிடமே வந்து, அவர்கள் மொழியில், நேர்மையாகச் சொன்னால் அந்த அவநம்பிக்கை குறையும். அதை நகரத்து மகாநாட்டு மண்டபத்திலிருந்து செய்ய முடியாது.

இனி மொழியைப் பற்றி. கேரள அரசு தன் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. பாடநூல்களைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறது. இது போற்றத்தக்க ஏற்பாடு. எத்தனையோ தேசங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைக்காத நன்மை. ஆனால் பத்தாம் வகுப்புவரை அமிலம், காரம், உப்பு, வினையூக்கி என்று தமிழில் கற்ற பிள்ளை, பதினோராம் வகுப்பில் ஒரே இரவில் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. தெரிந்த பொருளே தெரியாத முகத்தோடு எதிரில் வந்து நிற்கும் அந்த ஓராண்டில்தான் எங்கள் கூர்மையான பிள்ளைகளில் பலர் விஞ்ஞானத்தை விட்டு விலகுகிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்களல்ல, கேள்வி கேட்கத் தெரிந்தவர்களே அதிகம் விலகுகிறார்கள் என்பது என் அனுபவம். ஏனெனில் கேள்வியைப் புதிய மொழியில் கோக்க முடியாமற் போகும்போது அவர்களுக்கே அதிக வேதனை உண்டாகிறது. உங்களில் தமிழர் எத்தனையோ பேர். உயர்ந்த ஆராய்ச்சி செய்தவர் ஒருவர் மேடையேறி, தமிழில் தொடங்கி, வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லையும் அறிமுகப்படுத்தி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே வழி உண்டு என்று நடந்தே காட்டினால், அதைப் பார்த்த பிள்ளை அந்த ஓராண்டைத் தாண்டிவிடும். மலையாளத்தில் கற்கும் பிள்ளைகளுக்கும் இதே இடர் உண்டு. ஆகையால் ஒரு மலையாள உபந்நியாசமும் கூடவே நிகழட்டும். எங்கள் ஊரில் இரண்டையும் கேட்டுப் புரிந்துகொள்ளாதவர் மிகக் குறைவு.

கருவிகளைப் பற்றிக் கேட்டேன் அல்லவா, அதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு சிறுமி, தென்னந்தோப்புக் கூலியின் மகள், சிரட்டையை மண்பானையில் மூடிச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, வெல்லம் கரைத்த நீரில் போட்டுக் குலுக்கி வடிகட்டிக்கொண்டு வந்தாள். பழுப்புநீர் ஏறக்குறைய தெளிந்திருந்தது. “சார், இத்தனை நெறமும் இந்தக் கொஞ்சூண்டு கரிக்குள்ள எங்க போச்சு? உள்ள எவ்வளவு எடம் இருக்கும்?” என்று கேட்டாள். அது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை காணும் வழியை புருனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் 1938-இல் எழுதினார்கள்: திரவ நைட்ரஜனின் குளிரில், கரியின் உட்பரப்பெங்கும் நைட்ரஜன் மூலக்கூறுகள் ஓரடுக்காகப் படிய எவ்வளவு வாயு செல்கிறது என்று அளந்தால், பரப்பைக் கணக்கிட்டுவிடலாம். நன்கு பதப்படுத்திய சிரட்டைக்கரி ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் கால் ஏக்கர் நிலம், மடிந்து கிடக்கிறது. இதை நான் அவளுக்குச் சொன்னேன். ஆனால் அவள் சுட்ட கரிக்குள் எவ்வளவு என்பதை அளந்து காட்ட என்னிடம் கருவி இல்லை. பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் எங்கள் தாலுகாவிலும் மலைபோல் குவியும் சிரட்டை, கரியாகிப் பல தேசங்களுக்குப் போய், பல்லேடியம் போன்ற உலோகங்களைத் தாங்கும் வினையூக்கிகளுக்கு ஆதாரமாகவும் பயன்படுகிறது. உங்கள் ஆய்வுக்கூடங்களில் அந்த அளவைக் கருவி நாள்தோறும் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, எல்லைப்புறப் பள்ளிகளும் கல்லூரிகளும் அனுப்பும் சில பொட்டலங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கி, கிடைத்த எண்ணை ஒரு தாளில் எழுதி, அனுப்பிய பிள்ளையின் பெயருக்கே தபாலில் அனுப்புங்கள். உங்களுக்கு ஒரு நாள் வேலை; பெறுகிறவருக்கு அது எவ்வளவு பெரிது என்பதை ஆசிரியர் எவரும் அறிவார்.

இதற்கு வேண்டிய பணம் பெரிதல்ல என்று நினைக்கிறேன். பேச்சாளர்கள் சிலரின் பிரயாணச் செலவு, ஒரு மண்டபம், ஒருவேளை உணவு, அவ்வளவே. சித்தூர் அரசுக் கல்லூரியும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியும் பழம்பெரும் ஸ்தாபனங்கள். மூணாற்றிலும் கட்டப்பனையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. கொச்சி விஞ்ஞான தொழில்நுட்ப சர்வகலாசாலையில் இத்துறையில் நெடுங்கால மரபு இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பாலக்காடு ஒன்றரை மணி நேரத் தூரந்தான். மலையில் மழைக்காலத்தில் சாலை சரிவதுண்டு. ஆகையால் மூணாற்றுக் கூட்டத்தைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது உசிதம். சனிக்கிழமையாக இருந்தால் ஆசிரியர்கள் வரலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரும் வரலாம். அழைப்பிதழை மும்மொழியிலும் எழுதவும், பள்ளிகளுக்குச் சொல்லி அனுப்பவும், வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்க்கவும் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரு ஜில்லாக்களிலும் இருக்கிறோம்; கேட்டால் மறுக்கமாட்டோம்.

உங்கள் நிர்வாகக் குழு அடுத்த முறை கூடும்போது இவ்விண்ணப்பத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, முதற்கூட்டத்துக்கு ஒரு நாளைக் குறித்து எங்களுக்குத் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பன்,
ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியன்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு ஜில்லா.